முப்பத்தைந்து மதிப்பெண்ணும் ஏலத்தோட்டமும்

பத்தாம் வகுப்புக் கணக்கு வினாத்தாளைக் கணித சாஸ்திரம் அறிந்த ஒருவர் படிக்கும் விதம் வேறு; கம்பத்திலோ தேவாரத்திலோ உள்ள ஓர் அரசுப் பள்ளியின் ஆசிரியர், அரையாண்டுப் பரீட்சை முடிந்த ஜனவரி மாதத்தில், தம் வகுப்பின் கடைசி பெஞ்சை மனத்தில் வைத்துக்கொண்டு அதைப் படிக்கும் விதம் வேறு. நூறு மதிப்பெண்ணில் ஒரு மார்க்குக் கேள்விகளுக்கு 14, ஜியாமெட்ரிப் படத்துக்கு 8, கிராஃபுக்கு 8. ஆக முப்பது கைக்கு வந்துவிடுகிறது. தேர்ச்சிக்கு வேண்டியது 35. இரண்டு மார்க்குக் கேள்விகளில் மூன்றை எப்படியாவது எழுதவைத்துவிட்டால் பையன் கரையேறிவிடுவான். ஆகவே பாடப்புத்தகத்தின் பின்பக்க ஒரு மார்க்கு விடைகளை மனப்பாடம் செய்விப்பதும், தொடுகோடு வரையும் படிகளைக் கை தானாகச் செய்யும்வரை திரும்பத் திரும்ப வரையவிடுவதும், கிராஃபில் ஏன் அந்த வளைவு வருகிறது என்பதை விட்டுவிட்டுப் புள்ளிகளை மட்டும் குறிக்கப் பழக்குவதுமாக அந்த மூன்று மாதமும் கழிகின்றன. இதற்கென்றே கல்வி அலுவலகங்களிலிருந்தும், ஊக்கமுள்ள ஆசிரியர்கள் சிலரிடமிருந்தும் மெல்லிய கையேடுகள் வெளிவருகின்றன. ஆசிரியர் ஓய்வறையில் அவற்றுக்கு 'மினிமம் மெட்டீரியல்' என்று பெயர். அறிவியலில் செய்முறைக்கு 25 தனியாக இருப்பதால் அங்கே பாரம் இன்னும் குறைவு.

இந்த வித்தையைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. 2025-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு எழுதியவர்களில் 93.80 சதவீதம் பேர் தேர்ச்சி பெற்றார்கள். முந்திய ஆண்டு அது 91.55 சதவீதம். அந்த எண்ணிக்கையின் கடைசிப் பகுதி, அதாவது ஆசிரியர்கள் 'மெல்லக் கற்போர்' என்று பட்டியலிட்டு, ஆளுக்குச் சில பேராகத் தத்தெடுத்துக்கொண்டு, காலையில் போன் செய்து எழுப்பி, பரீட்சை நாளன்று வீட்டுக்கே பைக்கில் போய் அழைத்துவந்து எழுதவைத்த பிள்ளைகளின் பகுதி, முழுக்க முழுக்க மனித உழைப்பினால் ஆனது. ஆனால் இதே தேசத்தில் அசர் என்ற ஆய்வுக் குழுவினர் 2023-இல் பதினான்கு முதல் பதினெட்டு வயதுவரையுள்ள கிராமத்துப் பிள்ளைகளைச் சோதித்தபோது, ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்குத் தாய்மொழியில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தட்டுத்தடங்கலின்றி வாசிக்க வரவில்லை. மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்தவர்கள் பாதிக்கும் குறைவு. அது பல மாநிலங்களின் கணக்கு, நம் கம்பம் பள்ளத்தாக்கின் கணக்கு அன்று. ஆயினும் ஒன்பதாம் வகுப்புக்கு முதல் நாள் பாடம் நடத்தப் போன எந்த ஆசிரியருக்கும் அது புதுச் செய்தியாக இராது. தேர்ச்சியும் கல்வியும் இத்தனை தூரம் விலகி நிற்க முடியும் என்பதுதான், படிப்பில் சிரத்தையற்ற மாணவனை எப்படிக் கையாளுவது என்ற கேள்வியை நாம் ஆராய வேண்டியதன் அவசியத்தைக் காட்டுகிறது.

பையனுக்கு ஏன் சிரத்தை இல்லை என்று கேட்டால், செல்போன், சினிமா, சகவாசம், குடிகாரத் தகப்பன் என்று வரிசையாகக் காரணங்கள் வரும். எல்லாம் உண்மையே. எனினும் இந்தப் பள்ளத்தாக்குக்கே உரிய ஒரு காரணம் உண்டு. அது பையனின் சுபாவத்தில் இல்லை, பூமியில் இருக்கிறது. 1895-இல் பெரியாறு அணை எழுந்து, மேற்கே ஓடிய தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே திரும்பியதிலிருந்து, கூடலூர் தொடங்கி வடக்கே இருபோக நெல் விளைகிற சீமையாக இது மாறிவிட்டது. அதோடு நிற்கவில்லை. கம்பத்துப் பன்னீர் திராட்சை, 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தக் கறுப்புத் திராட்சை, ஒரு பந்தலில் கவாத்து வெட்டும்போதே மற்றொரு பந்தலில் பழம் வெட்டும்படியாக ஆண்டு முழுவதும் காய்க்கிறது. சின்னமனூர்ப் பக்கம் வாழை. மேலே, போடிமெட்டும் கம்பம்மெட்டும் குமுளியும் கடந்தால், இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்கள். விடியுமுன் போடியிலிருந்தும் கோம்பையிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஆள் ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப்புகளைப் பார்த்தவர்களுக்கு, வேலை என்பது இங்கே தேடிப்போக வேண்டிய ஒன்றாக இல்லாமல், வீட்டு வாசலில் ஹாரன் அடித்துக் கூப்பிடுகிற ஒன்றாக இருப்பது புரியும். அம்மாவும் அத்தையும் ஏறும் ஜீப்பில் பதினைந்து வயதுப் பையனும் ஒரு சனிக்கிழமை ஏறிக்கொள்கிறான். மாலையில் கூலி கைக்கு வருகிறது. திங்கட்கிழமை காலையில் அவன் முன்னால் இருப்பது, இன்னும் ஏழெட்டு வருஷத்துக்குப் பிறகு, ஒருவேளை, பலன் தரக்கூடிய இருபடிச் சமன்பாடு.

சட்டமும் இந்த வயதில்தான் கையை விடுகிறது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் ஆறு வயது முதல் பதினான்கு வரைக்குமே உரியது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016-இல் செய்த திருத்தமும் பதினான்குக்கு மேற்பட்டவர்களை ஆபத்தான தொழில்களிலிருந்து மட்டுமே விலக்கிவைக்கிறது. எட்டாம் வகுப்பு முடிந்து ஒன்பதில் காலெடுத்து வைக்கிற பிள்ளை, ஒரே கோடைகாலத்தில் இரண்டு வேலிகளையும் தாண்டிவிடுகிறான். அப்புறம் அவனைப் பள்ளியில் நிறுத்திவைக்க வேண்டிய பொறுப்பு வகுப்பாசிரியர் ஒருவர் தலையில் விழுகிறது.

இங்கிலாந்தின் தொழில் நகரம் ஒன்றில் பன்னிரண்டு பையன்களை உடனிருந்து கவனித்து, பால் வில்லிஸ் என்ற சமூகவியல் அறிஞர் 1977-இல் ஒரு நூல் வெளியிட்டார். ஆலைத் தொழிலாளிகளின் மக்களான அந்தப் பையன்கள் ஆசிரியரை எதிர்த்துப் பேசுவதையும், படிக்கிற பிள்ளைகளைப் பரிகசிப்பதையும், நேரத்தைப் போக்குவதையும் ஒரு பண்பாடாகவே வளர்த்து வைத்திருந்தார்கள் என்றும், அந்தப் பண்பாடு தகப்பன்மாரின் ஆலைத்தளத்திலிருந்து வந்தது என்றும், பள்ளிச் சான்றிதழ் தங்களைப் போன்றவர்களில் பெரும்பாலோரை எங்கும் கொண்டுபோய்ச் சேர்க்காது என்று அவர்கள் போட்ட கணக்கில் பாதி நியாயம் இருந்தது என்றும் அவர் காட்டினார். அந்தக் கணக்கே அவர்களைத் திரும்பவும் ஆலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது என்பது அந்நூலின் துயரமான பகுதி. நம் பள்ளத்தாக்கிலும் பையன்கள் கணக்குப் போடுகிறார்கள். ஆனால் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. இங்கே படிப்பை இகழ்கிறவர்கள் அபூர்வம். ஏலக்காட்டில் காலமெல்லாம் குனிந்து காய் பறித்த தாய்க்குப் படிப்பின்மேல் இருக்கிற மரியாதை பட்டணத்து உத்தியோகஸ்தருக்குக்கூட இருக்குமா என்பது சந்தேகம். அந்தத் தாயே பெற்றோர் கூட்டத்துக்கு வந்து, "அவனுக்குப் படிப்பு ஏறலைன்னா விட்டுடுங்க சார், நான் கூட்டிட்டுப் போயிடுறேன்" என்கிறாள். இந்த வாக்கியத்தில் வெறுப்பு இல்லை, தோல்வியை ஒப்புக்கொண்ட பணிவு இருக்கிறது. மகனும் அதையேதான் நம்புகிறான். வில்லிஸ் கண்ட பையன்கள் சப்தம் போட்டார்கள். இங்கே கடைசி பெஞ்சு பெரும்பாலும் மௌனமாக இருக்கிறது. பள்ளி எனக்குத் தகுதியானதல்ல என்று அவர்கள் சொன்னார்கள்; நான் பள்ளிக்குத் தகுதியானவனல்ல என்று இவர்கள் நினைக்கிறார்கள். இரண்டு நோய்க்கும் ஒரே மருந்து பலிக்காது.

இடையில் ஒரு சரித்திர விநோதத்தைச் சொல்லிப் போகலாம். 1953-இல் ராஜாஜி, கிராமத்துத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலும் மீதி நேரம் வீட்டுத் தொழிலிலும் பழகலாம் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். குலக்கல்வி என்று கண்டிக்கப்பட்டு, நாடெங்கும் கிளர்ச்சி எழுந்து, 1954-இல் காமராஜ் பதவிக்கு வந்ததும் அது கைவிடப்பட்டது. கைவிடப்பட்டது சரியே. ஆனால் எந்த அரசாணையும் இல்லாமல், திராட்சைப் பந்தலுக்கும் ஏலத்தோட்டத்துக்கும் இடையே அதே அரைநாள் திட்டத்தைப் பையன்கள் தாங்களாகவே இன்றும் நடத்திவருகிறார்கள் என்பதைச் சட்டசபையில் எவரும் எழுந்து கேட்பதில்லை.

சரித்திரத்தில் இதைவிட ஆழமான தழும்பும் இப்பகுதிக்கு உண்டு. பிறமலைக் கள்ளர் சமூகத்தார்மேல் குற்றப் பரம்பரைச் சட்டம் ஏவப்பட்டு, கைரேகைப் பதிவை மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள் 1920 ஏப்ரல் 3 அன்று சுடப்பட்ட காலத்தை அடுத்துத்தான், அச்சமூகத்தாரின் ஊர்களில் அரசாங்கம் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளைப் பரப்பியது. போலீஸும் பள்ளியும் ஏறக்குறைய ஒரே வாசல் வழியாக ஊருக்குள் நுழைந்தன. மதுரை, தேனி, திண்டுக்கல் வட்டாரங்களில் அந்தப் பள்ளிகள் இன்றும் இருக்கின்றன. எத்தனையோ குடும்பங்களில் முதல் பட்டதாரியை உண்டாக்கியவையும் அவையே. இருந்தாலும், பிள்ளையைச் 'சீர்திருத்த' வேண்டிய பொருளாகப் பார்க்கிற பழைய பார்வை, சட்டம் 1947-இல் நீங்கிய பின்னும் ஆசிரியர் உலகத்திலிருந்து அடியோடு நீங்கிவிட்டதென்று சொல்ல முடியாது. 'இந்த ஊர்ப் பசங்களே இப்படித்தான்' என்ற பேச்சு எழும்போதெல்லாம் அது தலைகாட்டுகிறது.

சிரத்தையற்ற மாணவனைக் கையாள இதுவரை கைக்கொண்ட உபாயங்களில் மிகப் பழையது பிரம்பு. 'அடியாத மாடு பணியாது' என்பது ஊரின் தர்க்கம். "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க" என்று தகப்பனே அதிகாரப்பத்திரம் எழுதிக் கொடுத்த காலம் அநேகருக்கு நினைவிருக்கும். 2003-இல் தமிழ்நாட்டுக் கல்வி விதிகளிலிருந்தே உடல் தண்டனை நீக்கப்பட்டது. பின்னர் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மன உபாதையையும் விலக்கியது. 'பிரம்பு போனது, மரியாதை போனது' என்று வருந்துகிற ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கத் தோன்றுகிறது: பிரம்பு இருந்த காலத்தில் படிப்பு ஏறாத பிள்ளை என்ன ஆனான்? ஏழாம் வகுப்பில் இரண்டு முறை தோற்று, மூன்றாவது வருஷம் பெயர் நீங்கி, ஆடு மேய்க்கப் போனான். அவன் வகுப்பில் இல்லாததால் வகுப்பு அடக்கமாக இருந்தது. இன்று எட்டாம் வகுப்புவரை தோல்வி இல்லை என்ற ஏற்பாட்டினால் அவன் ஒன்பதாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான். அவனைக் கண்டதும் நாம் புதிதாக ஒரு நோய் வந்துவிட்டதாக எண்ணுகிறோம்.

இரண்டாவது உபாயம் வெகுமதி. பதினோராம் வகுப்பில் சைக்கிள், மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு முன்பு கொடுத்துவந்த மடிக்கணினி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை. இவை பெரிய காரியங்கள் என்பதில் ஐயமில்லை. படிப்பின் பலனைப் பிள்ளைகள் குறைத்து மதிப்பிடுகிறார்கள் என்பதை ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார அறிஞர் டொமினிகன் குடியரசில் கண்டார். எட்டாம் வகுப்புப் பையன்களுக்கு, மேலே படித்தவர்கள் உண்மையில் எவ்வளவு சம்பாதிக்கிறார்கள் என்ற செய்தியை மட்டும் சொன்னதாலேயே அவர்கள் பள்ளியில் தங்கிய காலம் சற்று நீண்டதென்று 2010-இல் எழுதினார். இங்கும் அது பொருந்தும். போடியைத் தாண்டி வேறு ஜீவனோபாயம் பார்த்திராத பிள்ளைக்கு, பக்கத்துத் தெருவிலிருந்து ஐ.டி.ஐ. படித்துப் போன அண்ணனின் சம்பளத்தைக் கேட்பது ஒரு விழிப்பு. ஆனால் இந்த வெகுமதிகளெல்லாம் மாடியில் வைத்த விளக்குகள். ஏணியின் கீழ்ப்படி உடைந்திருக்கிறவனுக்கு அவற்றின் வெளிச்சம் எட்டுமே தவிர, அவனை ஏற்றிவிடாது.

இங்கேதான் என் அபிப்பிராயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஆர்வம் உண்டானால் படிப்பு வரும் என்ற கருத்து, ஆசிரியப் பயிற்சி நூல்களிலிருந்து மேடைப் பேச்சுக்கள்வரை நிலைபெற்றுவிட்டது. உயர்நிலை வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பெரும்பாலான பிள்ளைகளைப் பொறுத்தவரை காரணகாரியம் அதற்கு நேர்மாறானது. வாசிக்க முடியாத பிள்ளை புத்தகத்தில் ஆர்வம் காட்டமாட்டான். வகுத்தல் தெரியாதவனுக்கு இயற்கணிதம் அசுவாரஸ்யமாக இருப்பது புத்தியின் லட்சணமே. முடியும் என்ற அனுபவம் முதலில் வந்தாக வேண்டும். மும்பையிலும் வதோதராவிலும் பிரதம் என்ற நிறுவனம் பின்தங்கிய பிள்ளைகளைத் தனியே பிரித்து அடிப்படைப் பாடம் நடத்திய முயற்சியை அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ முதலியோர் அளந்து பார்த்து 2007-இல் வெளியிட்ட முடிவும், வகுப்பையும் வயதையும் பாராமல் பிள்ளை நிற்கிற படியிலிருந்து தொடங்குவதே பலன் தருகிறது என்ற திசையையே காட்டியது. ஆனால் அது தொடக்கப்பள்ளிக் குழந்தைகளின் கதை. மீசை அரும்புகிற பையனிடம் மூன்றாம் வகுப்பு வாசகத்தை நீட்டினால் அவன் மறுநாள் ஜீப்பில் இருப்பான்.

ஆகவே உயர்நிலைப் பள்ளி ஆசிரியரின் சாமர்த்தியம் முழுவதும் வெட்கத்தைக் கையாளுவதில் அடங்கியிருக்கிறது. நல்ல ஆசிரியர்கள் இதைப் பலவிதமாகச் செய்கிறார்கள். அவற்றில் இந்தப் பள்ளத்தாக்கின் கைச்சரக்கையே பாடமாக்குவது என்னை மிகவும் கவர்ந்தது. பச்சை ஏலக்காய் ஐந்து கிலோ உலர்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ தேறும் என்பது கடைசி பெஞ்சுக்குத் தெரியும். முதல் பெஞ்சு வக்கீல் மகனுக்குத் தெரியாது. விகிதம், சதவீதம், சராசரி மூன்றும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கியிருக்கின்றன. 2019-இல் ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய்வரை போன விலை, பின்பு சரிந்த கதையை, கிராஃபாக வரையச் சொன்னால் வளைவு ஏன் வளைகிறது என்று பையன் ஆசிரியருக்கு விளக்குவான். மருந்து கலக்குவதில் ஒரு டேங்குக்கு எத்தனை மில்லி என்பதும் விகிதசமமே. கேள்வி கேட்கிறவனாக மட்டும் அல்லாமல் பதில் தெரிந்தவனாகவும் ஒரு பையன் வகுப்பில் நிற்கிற நாள், மினிமம் மெட்டீரியலில் இடம்பெறாத நாள்.

இதைக் கேட்டு உற்சாகம் மிஞ்சிப்போய், வாழ்க்கைக் கணக்கைச் சொல்லிக் கொடுத்தால் பள்ளிக் கணக்கு தானாக வந்துவிடும் என்று நினைப்பது பிழை. பிரேசில் நாட்டு ரெசிஃபே நகரத்துத் தெருக்களில் தேங்காயும் பழமும் விற்ற ஐந்து பிள்ளைகளைச் சோதித்து 1985-இல் கர்ராகர், ஷ்லீமன் முதலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை பிரசித்தமானது. தெருவில் வாடிக்கையாளராகப் போய்க் கேட்டபோது பிள்ளைகள் 98.2 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். அதே கணக்குகளை வெறும் எண்களாகக் காகிதத்தில் கொடுத்தபோது சரியானவை 36.8 சதவீதமாக வீழ்ந்தன. வாயில் இருக்கிற கணக்கு நோட்டுக்குள் இறங்குவதற்கு ஒரு பாலம் கட்ட வேண்டும். வாய்க்கணக்கை முதலில் அவன் சொற்களிலேயே எழுதவைத்து, பின்பு எண்ணாகச் சுருக்கி, அதன்பிறகே எழுத்தாகிய எக்ஸுக்குக் கொண்டுபோக வேண்டும். பொறுமையும் நாட்களும் பிடிக்கிற வேலை அது. மூன்று மாதத்து அவசரத்தில் முடிகிற வேலையன்று.

பெண் பிள்ளைகளின் விஷயம் வேறு. அவர்களிடம் சிரத்தைக் குறைவு என்று சொல்லப்படுவது பெரும்பாலும் அனுமதிக் குறைவு. தம்பியைப் பார்த்துக்கொள்வது, தாய் மலைக்குப் போன வீட்டில் உலை வைப்பது, நூல் மில் தரகரின் வாக்குறுதி, பத்தாம் வகுப்பு முடியுமுன் வந்துவிடுகிற மாப்பிள்ளைப் பேச்சு ஆகியவற்றுக்கிடையே தூங்கிவழிகிற பெண்ணிடம் வகுப்பறை உபாயம் எதுவும் எடுபடாது. அங்கே டீச்சர் போய்ப் பேச வேண்டிய இடம் அடுப்படி.

அரசு 2025-இல் 'திறன்' என்ற பெயரில் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்புவரை, தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றிலும் அடிப்படை வராத பிள்ளைகளைச் சோதித்துப் பிரித்துத் தனிப்பயிற்சி தரும் ஏற்பாட்டைத் தொடங்கியிருக்கிறது. ஜனவரி மாதத்துப் பத்தாம் வகுப்பிலிருந்து சிகிச்சையை ஜூலை மாதத்துக் கீழ்வகுப்புகளுக்கு நகர்த்தியது சரியான நகர்த்தல். ஆனால் அதை நடத்தப்போகிறவரும் அதே கணக்கு ஆசிரியர்தான். அவருடைய கைக்கு அதே ஆண்டில் பத்தாம் வகுப்பும் இருக்கும். மாவட்ட ஆய்வுக் கூட்டத்தில் அவரிடம் கேட்கப்போகிற கேள்வி பத்தாம் வகுப்புத் தேர்ச்சி சதவீதத்தைப் பற்றியதாகவே இருக்கும். ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் புதிதாக வாசிக்கக் கற்றார்கள் என்றும் அதே கூட்டத்தில், அதே குரலில் கேட்கப்படாத வரையில், ஆசிரியரின் நேரம் எந்தப் பக்கம் சாயும் என்பதை ஊகிக்க ஆராய்ச்சி வேண்டியதில்லை. தேனி மாவட்டத்துக்கு மட்டும் இன்னொரு சங்கடமும் உண்டு: ஏலத்தோட்டத்தில் காய் எடுப்பு சூடுபிடிப்பது ஆகஸ்டு வாக்கில். ஜூலையில் சோதனை முடித்துப் பட்டியலில் பெயர் ஏறிய பையன், பயிற்சி ஆரம்பமாகிற வாரத்தில் மலைமேல் வண்டன்மேட்டில் இருக்கக்கூடும். பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினர்களாக இருக்கிற பெற்றோர்களில் சிலரே தோட்டத்துக்கு ஆள் சேர்த்து ஜீப் அனுப்புகிறவர்களாகவும் இருக்கிறார்கள். பதினெட்டு வயது நிறையாத யாரையும் பள்ளி நாளில் ஏற்றுவதில்லை என்று அவர்களிடம் பேசி முடிவு கண்ட தலைமையாசிரியருக்கே, அந்தப் பட்டியலில் உள்ளவர்களை வகுப்பில் காணும் வாய்ப்பு அதிகம்.